செவுள் சிவந்த காகித மீன்

1

இந்த வருடம் மீன் ஒட்டமாட்டாளாம். நேற்று சாயங்காலம் என் மகள் யாழினி ஷூவைக் கழற்றிக்கொண்டே அறிவித்துவிட்டாள்.

"அதெல்லாம் சின்னப் பசங்க வேலம்மா."

அவளுக்கு எட்டு வயது. போன வருடம் ஏழு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் மீன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பிரான்சில் ஏப்ரல் முதல் தேதி வந்தால் பிள்ளைகள் காகிதத்தில் மீன் வரைந்து, வெட்டி, வர்ணம் தீட்டி, தங்களுக்குப் பிடித்தவர்களின் முதுகில் சத்தமில்லாமல் ஒட்டிவிடுவார்கள். ஒட்டப்பட்டவர் அது தெரியாமல் திரிய வேண்டும். தெரிந்து முதுகைத் தடவும்போது எல்லோரும் சேர்ந்து "ஏப்ரல் மீன்!" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. டீச்சருக்கும் ஒட்டுவார்கள், போஸ்ட்மேனுக்கும் ஒட்டுவார்கள். ஏன் மீன், ஏன் ஆடு இல்லை என்று நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் நாலு கதை சொன்னார்கள்.

இதெல்லாம் இப்போது தெரியும். போன வருடம் தெரியாது. பெற்ற பிள்ளை ஆசையாக வரைந்து ஒட்டிய மீனுக்கு, பள்ளிக்கூடத்தில் புகார் எழுதிக் கொடுத்த ஒரே தாய் இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன். ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது எழுதலாம்.

2

வசந்தம் என்பது எனக்குக் கல்யாணப் பத்திரிகையிலும் லாட்ஜ் போர்டிலும் பார்த்த சொல். புதுச்சேரியில் நமக்கு வெயில் உண்டு, கடும் வெயில் உண்டு, மழை உண்டு. பங்குனி என்றால் முழுப் பரீட்சை. அந்த மாதத்தோடு புத்தகத்தை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவோம். இங்கே அந்த மாதத்தில்தான் படிப்பு வகுப்பறையை விட்டு வெளியே கிளம்புகிறது.

மார்ச் பாதியில் காலித் தயிர் டப்பா கொடுத்தனுப்பச் சொல்லி டீச்சரிடமிருந்து குறிப்பு வரும். டப்பாவில் பஞ்சு, பஞ்சில் நாலு பருப்பு. தினமும் தண்ணீர் தெளித்து, ஸ்கேல் வைத்து அளந்து, நோட்டில் கோடு போட வேண்டும். பள்ளி வாசலில் நிற்கும் மரத்தில் ஒரு கிளைக்கு நாடா கட்டி, அந்தக் கிளையின் நுனி மொட்டை மட்டும் மூன்று வாரம் வரைவார்கள். ஒரே மொட்டு, மூன்று வாரம். நாங்கள் படித்தபோது ஒரு பாடவேளைக்குள் மாமரம் முளைத்துப் பூத்துக் காய்த்துப் பழுத்தே போயிருக்கும்.

இதற்கெல்லாம் முடிவாகக் குளம். ஏப்ரல் இரண்டாம் வாரம், காட்டோரக் குளத்துக்கு நடந்தே போய்த் தலைப்பிரட்டை பார்ப்பார்கள். பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவரும் சின்ன வகுப்புப் பிள்ளை ஒருவரும் ஜோடியாகக் கைகோத்துப் போவது இங்கே வழக்கம். போன வருடம் யாழினிக்கு ஜோடியாக வாய்த்தவன் தியோ என்ற பையன். பத்து வயது, வாய் ஓயாத பிள்ளை. பள்ளிக் கழிப்பறைச் சுவரில் எதையோ வரைந்து ஏற்கெனவே மாட்டிக்கொண்டவன். யாழினிக்கு அவன்தான் உலகத்திலேயே பெரிய ஆள்.

குளத்துக்குப் போக நான் மூன்று கையெழுத்துப் போட்டேன். நடந்து போக ஒன்று, போட்டோ எடுக்க ஒன்று, ரப்பர் பூட்ஸ் நானே கொடுத்தனுப்புவேன் என்பதற்கு ஒன்று. இன்சூரன்ஸ் காகிதம் தனி. கூடவே, பிள்ளைகள் தலையில் பேன் பார்க்கச் சொல்லி வருடா வருடம் வரும் நோட்டீசும் வந்தது.

"தவளக் குஞ்சப் பாக்கவா கையெழுத்து கேக்கறான்?" என்றாள் என் அக்கா தனம், போனில். "இங்க வீராம்பட்டினத்துத் தேருக்கு ஊரே தெரண்டு வருது. எவன்டி கையெழுத்து போட்டுட்டு வர்றான்?"

அக்கா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். எங்கள் அம்மா உட்கார்ந்த அதே இடம், அதே பலகை. புதன்கிழமை இங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. நான் காபி போடும் நேரம் அங்கே மார்க்கெட்டில் உச்சி வெயில் ஏறுகிற நேரம். யாழினி வீடியோவில் பெரியம்மாவைக் கூப்பிடுவாள். அக்கா போனைத் தராசுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வியாபாரத்தையும் பார்ப்பாள், பாடமும் எடுப்பாள்.

"செவுளத் தூக்கிப் பாக்கணும்டி கண்ணு. மேல மினுமினுப்பப் பாத்து ஏமாறக் கூடாது. செவப்பா இருந்தா இன்னிக்கு மீனு. கறுத்திருந்தா விக்கிறவன் மூஞ்சப் பாரு, அதுவும் கறுத்திருக்கும்."

"இது ரூஜ், பெரியம்மா! சிவப்பு!"

"பின்ன? உன் பெரியம்மா பலகையில வேற எப்படி இருக்கும்?"

மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பத்தாவதோடு படிப்பு நின்றவளுக்கு அதுதான் புத்தகம். என் நோட்டில் பாதி அக்கா சொன்னது. ஆனால் அந்தப் புதன்கிழமைகளில் நான் செய்த காரியம் ஒன்றும் உண்டு. போனைச் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்திவிடுவேன். எதிர் வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது.

3

எதிர் வீட்டில் இருப்பவர் முசே அந்துவான்; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பிறகு தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடத்தில் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் ஆறு உண்டு. ஆறு வீட்டுக்கும் மனு எழுதித் தருகிறவர் அவர்தான். அவர் மனைவியை மதாம் என்போம். ஏழு வருடத்துக்கு முன் நான் வந்து இறங்கிய மறுநாளே மதாம் கேட்டார்.

"ஊர்ல எந்தப் பக்கம் நீங்க?"

"உழவர்கரை, மதாம்."

"அப்பா என்ன செய்றார்?"

"மார்க்கெட்ல வியாபாரம்."

"என்ன வியாபாரம்?"

"மொத்த வியாபாரம்" என்றேன்.

நான் பிறந்தது கடலோர மீனவர் ஊரான வீராம்பட்டினம். உழவர்கரை என் மாமியார் வீடு. நான் விமானம் ஏறும்போது மாமியார் சொல்லியனுப்பிய ஊர் அது. "அங்க நம்ம சனம் இருக்கும். கேட்டா உழவர்கரைன்னு சொல்லு, போதும்" என்றார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

காரணம் ஒரு சாக்குக்கட்டி. நான் டவுனில் படித்தேன். விடியலில் அம்மாவோடு கூடை இறக்கிவிட்டு, மார்க்கெட் குழாயில் கைகால் கழுவி, அங்கிருந்தே பள்ளிக்குப் போவேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் பக்கத்தில் உட்காருகிறவள் தாவணி நுனியை மூக்கில் வைப்பாள். எட்டாவது படிக்கும்போது ஒருநாள் யாரோ என் முதுகில் சாக்குக்கட்டியால் மீன் வரைந்துவிட்டார்கள். அது தெரியாமல் நாள் முழுக்க இருந்தேன். கரும்பலகைக்குப் போய்க் கணக்குப் போட்டேன். பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர்தான் சிரித்துக்கொண்டே, "என்ன பாப்பா, முதுகுல சரக்கு ஏத்திக்கிட்டுப் போற?" என்றார்.

வீட்டில் அம்மா பாவாடை சட்டையைத் துவைத்துப் போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் எனக்கு மறக்கவில்லை.

4

போன வருடம் ஜனவரியில் யாழினியின் பள்ளி கான்டீனிலேயே எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. பின்கட்டில் மிஷினும் நானும்தான். பிள்ளைகள் தட்டை நீட்டும் ஜன்னல் வழியாகக் கைகள் மட்டும் தெரியும். என் பிரெஞ்சு அந்தக் கைகளிடம் கற்ற பிரெஞ்சு. அதனால் முதல் வாரமே தலைமை ஆசிரியையை "நீ வா, நீ போ" என்று பேசிவைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார், போனார்.

மார்ச் கடைசியில் சமையல்காரம்மா தன் வீட்டுக்கு வாங்கிய மீனைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். என் கை என்னைக் கேட்காமல் செவுளைத் தூக்கிவிட்டது. "இது மூன்று நாள் மீன்" என்றேன். அவள் ஆச்சரியப்பட்டு, "நீ மீன்காரியா என்ன?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மிஷின் சத்தத்தில் ஒரு தட்டை உடைத்தேன்.

அடுத்த வாரம் ஏப்ரல் ஒன்று. முந்தைய வருடங்களில் யாழினி மழலையர் பள்ளியில் இருந்தாள், அந்தத் தேதியும் விடுமுறையில் போய்விட்டது. அன்று காலை கோட்டு மாட்டிக்கொண்டு அவளுக்கு நான் ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வழக்கத்தை விடக் கொஞ்சம் நேரம் கட்டிக்கொண்டாள். எனக்கு அது இனிப்பாக இருந்தது. அப்போதுதான் ஒட்டியிருக்கிறாள்.

அவளை வாசலில் விட்டேன். கான்டீனில் கோட்டைக் கழற்றி, அவசரத்தில் பார்க்காமலே நடைவழி ஆணியில் மாட்டினேன். வேலை முடிந்து அதையே போட்டுக்கொண்டு, பிரான்சில் தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்க அரசு அலுவலகம் போனேன். அன்று யாழினியைப் பள்ளியிலிருந்து மதாம் அழைத்து வருவதாக ஏற்பாடு. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் சிரிப்பு. திரும்பினால் சிரிப்பு நிற்கும். கவுன்ட்டரில் இருந்தவர் நான் திரும்பியதும் பக்கத்து ஆளிடம் எதையோ சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. பஸ்ஸில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

வீட்டில் கோட்டைக் கழற்றி மாட்டும்போது பார்த்தேன். நடு முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு மீன்.

எனக்கு முப்பத்தாறு வயது. அந்த நிமிடம் பதிமூன்று. நடைவழி ஆணி, சமையல்காரம்மாவின் சிரிப்பு, கண்டக்டர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. தெரிந்துவிட்டது, இங்கேயும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மீனைப் பிய்த்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகினேன். யாழினியைக் கூட்டிவரும் சாக்கில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் உள்ளறையில் மதாமோடு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

"முசே, ஒரு புகார் எழுதணும். ஸ்கூலுக்கு" என்றேன்.

முசே அந்துவானுக்கு மனு என்றால் முகத்தில் பத்து வயது குறையும். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சொல்லும்மா. என்ன நடந்தது?"

"என் கோட்டு முதுகுல யாரோ ஒண்ண ஒட்டிட்டாங்க முசே. அதோடயே ஆபீசுக்கெல்லாம் போய் வந்துட்டேன். எல்லாரும் சிரிக்கிறாங்க."

"ஒட்டினது படமா, எழுத்தா?"

"படம்."

"என்ன படம்?"

மீன் என்று சொன்னால் ஏன் மீன் என்று கேட்பார். என்னிடம் இருந்த பதிலைச் சொல்லத் தைரியம் இல்லை.

"வேணாம் முசே. வாயால சொல்ற படம் இல்ல."

அவர் பேனாவை நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது. "புரியுது. புரியுது கோமதி. சொல்லாத. குடும்பத்துப் பொம்பள வாயில அதெல்லாம் வரக் கூடாது" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "பிள்ளை இருக்கா, மெதுவாப் பேசு" என்றார்.

அன்று நான் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். அவர் இந்த நாட்டில் நாற்பது வருடம் இருந்தவர். நாட்காட்டியைக் காட்டி, வயிறு குலுங்கச் சிரித்து, காபி கொடுத்து அனுப்பியிருப்பார்.

அதற்குப் பதிலாக மூன்று பக்கம் எழுதினார். உயர்திரு தலைமை ஆசிரியை அவர்களின் மேலான சமூகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கும் கௌரவத்தை அடைகிறேன் என்று பழைய புதுச்சேரித் தாலுகா ஆபீஸ் பிரெஞ்சில் ஆரம்பித்து, "பெயர் சொல்லக் கூசும் சித்திரம்" என்ற இடத்தில் இரண்டு தரம் அடிக்கோடு போட்டு, என் பெண்மைக்கும் அவர் தாய்நாட்டுக்கும் நேர்ந்த இழுக்கு என்று முடித்தார். படித்துக் காட்டியபோது எனக்குப் பாதி புரியவில்லை. புரியாத பாதி பலமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

பெற்றோரும் டீச்சரும் எழுதிக்கொள்ள இங்கே பிள்ளையின் பையில் ஒரு நோட்டு இருக்கும். அதற்குள் வைத்துக் காலையில் அனுப்பினேன். தன் மேல் எழுதிய புகாரைத் தன் முதுகில் சுமந்துகொண்டு என் மகள் பள்ளிக்குப் போனாள்.

6

பெயர் சொல்லக் கூசும் சித்திரம் என்றால் ஒரு பள்ளிக்கூடம் என்ன நினைக்கும்? அதைத்தான் நினைத்தார்கள். தலைமை ஆசிரியை பெரிய வகுப்புகளுக்கு நேரில் போய், கான்டீன் அம்மாவின் முதுகில் அசிங்கம் ஒட்டியது யார் என்று கேட்டார். யாரும் எழவில்லை. கழிப்பறைச் சுவர் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. தியோவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் இல்லை என்றான். உண்மை தெரியும்வரை அவன் குளத்துக்கு வர வேண்டாம் என்று முடிவானது.

இதெல்லாம் ஜன்னல் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. தட்டு நீட்டும் கைகளில் தியோவின் கை எது என்று எனக்குத் தெரியும், கட்டைவிரலில் எப்போதும் மை இருக்கும். அன்று தட்டில் சாப்பாடு தொடாமல் இருந்தது. தண்டனை கிடைத்தது என்று எனக்குத் திருப்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வீட்டில் யாழினி பேச்சை நிறுத்திவிட்டாள். கேட்டால் பிரெஞ்சில் ஒற்றைச் சொல். புதன்கிழமை போனை நீட்டினேன், வாங்கவில்லை. திரையில் அக்கா சங்கரா மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

"கண்ணு, இங்க பாருடி! இன்னாடி கோமதி, கொழந்த மூஞ்சி சுண்டிப் போயிருக்கு?"

"தெரியலக்கா. ஸ்கூல்ல எதோ."

"நீ எதனா சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீ சொல்லாத இருந்தாத்தான் எனக்கு பயமே. அம்மா மாதிரி" என்றாள் அக்கா.

பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மறுநாள் சந்திப்பு. சாட்சியாக அந்தச் சித்திரத்தைக் கொண்டு வரவும்.

7

மறுநாள் காலை அரிசி டப்பாவை நகர்த்தி மீனை எடுத்தேன். ஒட்டப்பட்ட நாளில் அதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிள்ளைகள் வரையும் உருண்டை மீன் இல்லை. நீளமான உடம்பு, பக்கவாட்டில் பட்டை பட்டையாகக் கோடு, வால் ஆழமாகப் பிளந்து. வஞ்சிரம். இந்த ஊரில் வஞ்சிரம் யாருக்குத் தெரியும்?

தலைக்குப் பின்னால் அரை வட்டமாக ஒரு காகிதத் துண்டு தனியாக ஒட்டியிருந்தது. ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. விரல் நுனியால் தூக்கினேன்.

உள்ளே சிவப்பு. ஸ்கெட்ச் பேனாவை அழுத்தி அழுத்தித் தேய்த்து, காகிதம் நைந்துபோகும் அளவுக்குச் சிவப்பு.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். யாழினி வாசலில் பையோடு நின்றிருந்தாள். என் கையில் இருப்பதைப் பார்த்ததும் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீயா ஒட்டின?"

தலையாட்டினாள்.

"ஏன் கண்ணு?"

"ஏப்ரல் மீன். எல்லாரும் அவங்கவங்களுக்குப் பிடிச்சவங்களுக்கு ஒட்டணும்." அழுகையும் பிரெஞ்சும் தமிழும் கலந்து வந்தது. விளையாட்டை அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். டீச்சர் வகுப்பிலேயே வெட்டக் கற்றுத் தந்தாராம். மற்ற எல்லோரும் கண், செதில், வால் என்று முடித்துவிட்டார்களாம். "நான் பெரியம்மா மீன் செஞ்சேன். நல்ல மீன். நான்தான்னு சொன்னா ஜெயிலுக்குப் போகணும்னு நினைச்சேன். தியோவும் போகணும்னு."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நீ செவுளத் தூக்கியே பாக்கலயாம்மா?"

அம்மாவின் மீன் பலகைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான். மேலே பார்த்தே ஏமாந்து போயிருக்கிறேன்.

8

முசே அந்துவான் எனக்கு மொழிபெயர்க்க டை கட்டிக்கொண்டு தயாராக நின்றார். பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வீராம்பட்டினம் என்ற ஒரு சொல் ஆறு வருடம் பூட்டிக் கிடந்து துருப்பிடித்துவிட்டது, வெளியே வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு யாழினி நடந்தாள்.

தலைமை ஆசிரியையின் அறைக்கு வெளியே பெஞ்சில் தியோ உட்கார்ந்திருந்தான். கால் தரையில் எட்டியும் எட்டாமலும். பக்கத்தில் அவன் அம்மா. அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உள்ளே போய் மீனை மேசை மேல் வைத்தேன்.

முசே குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"மீனா?"

"மீனுதான் முசே."

"இந்த மீனுக்கா நான் மூணு பக்கம் எழுதினேன்?"

"முசே, நான் சொல்றத அப்படியே அவங்க கிட்ட சொல்லுங்க" என்றேன். "நான் உழவர்கரை இல்ல. வீராம்பட்டினம். எங்க அம்மா பெரிய மார்க்கெட்ல மீன் வித்தாங்க. இப்ப எங்க அக்கா விக்கிறாங்க. மொத்த வியாபாரம் இல்ல, கூடையில கொண்டாந்து பலகையில வெச்சு விக்கிறது. சின்ன வயசுல என் முதுகுல மீன் வரைஞ்சு கேலி செஞ்சாங்க. இதுவும் அதுன்னு நினைச்சுட்டேன். இது என் மக எனக்குச் செஞ்சது. தியோ செய்யல. தப்பு என்னுது."

முசே மொழிபெயர்க்காமல் என் பக்கம் திரும்பினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதற்குத்தான் ஆறு வருடமாகப் பயந்திருந்தேன்.

"ஆறு வருஷமா எதிர் வீட்டுல இருக்க" என்றார். "ஆறு வருஷமா என் பொஞ்சாதி ஐஸ் மீனத் தூக்கிட்டு வந்து புதுசு, புதுசுன்னு கொழம்பு வெக்கிறா. நானும் மூக்கப் பிடிச்சுக்கிட்டுத் தின்னுக்கிட்டிருக்கேன். உனக்கு மனசாட்சி இருக்கா கோமதி? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

பிறகு திரும்பி, டையைச் சரிசெய்துகொண்டு, நான் சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னார். இந்த முறை மேலான சமூகம், கௌரவம் எதுவும் இல்லை. சின்னச் சின்ன வாக்கியம். எனக்கே முழுதும் புரிந்தது.

தலைமை ஆசிரியை கோப்பிலிருந்து அந்த மூன்று பக்கத்தை எடுத்தார், அடிக்கோடு போட்ட இடத்தைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கைக்குட்டையை எடுத்தார். சிரித்துக் கண்ணைத் துடைத்த கைக்குட்டையையே என்னிடம் நீட்டினார். அதற்குள் நானும் அழ ஆரம்பித்திருந்தேன்.

தியோவையும் அவன் அம்மாவையும் உள்ளே அழைத்தார்கள். நான் என் சொந்தப் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன். அதில் இலக்கணம் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. தலைமை ஆசிரியையும் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அவன் அம்மா என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வணக்கத்தோடு சரி. அதில் அவள் தவறு எதுவும் இல்லை.

தியோ மீனைக் கையில் எடுத்துப் பார்த்தான். "நான் செய்திருந்தால் இதைவிட நன்றாக வரைந்திருப்பேன்" என்றான். யாழினி கை நீட்டிச் செவுளைத் தூக்கிக் காட்டினாள். சிவந்திருந்தால் புதுசு, கறுத்திருந்தால் பழசு என்று பெரியம்மாவின் பாடத்தைப் பிரெஞ்சில் ஒப்பித்தாள். அவன் வாய் ஓய்ந்து பார்த்தேன் என்றால் அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வாரம் இருவரும் கைகோத்துக் குளத்துக்குப் போனார்கள். தலைப்பிரட்டைக்குக் காது எங்கே என்று சண்டை போட்டுக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

சமையலறைக் கதவை நான் சாத்துவதில்லை. புதன்கிழமைகளில் மதாம் கையில் கடைச் சீட்டும் வாங்கிவந்த மீனுமாக வந்து உட்கார்ந்துகொள்கிறார். இந்த ஊர்க் கடையில் என்ன மீன் வாங்கலாம் என்று அக்காவைக் கேட்கிறார். "போன்ல நாத்தம் தெரியாது மதாம், செவுளத் தூக்கிக் காட்டுங்க" என்கிறாள் அக்கா.

9

இப்படி இருக்க, இந்த வருடம் மீன் ஒட்டமாட்டாளாம்.

நேற்று அவள் அறிவித்ததும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல? எட்டு வயதில் ஒரு பிள்ளை தினமும் ஒரு விஷயத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கிறது. முதலில் என் கையைப் பிடித்துச் சாலை கடப்பது போயிற்று. அடுத்து, பள்ளி வாசலில் தமிழில் பேசுவது போயிற்று. இப்போது நான் பத்தடி பின்னால்தான் வர வேண்டும்.

இன்று காலை கோட்டை மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே அவளுக்கு முதுகைக் காட்டி அலமாரியில் எதையோ தேடுவதுபோல் நின்றேன். ஷூ லேஸை அவளே கட்டிக்கொண்டு, "அம்மா, லேட் ஆகுது" என்றாள். முதுகைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இல்லாவிட்டால் என்ன? விடிந்ததும் நான் எழுந்து, அவளுடைய கத்தரிக்கோலாலும் கலர் பென்சிலாலும் ஒரு வேலை முடித்து வைத்திருந்தேன். கை பழகவில்லை, வால் கொஞ்சம் கோணல். ஆனால் வஞ்சிரம் வஞ்சிரம்தான். செவுளுக்கு என் குங்குமத்தைக் குழைத்துப் பூசியிருந்தேன். பையின் பட்டையைச் சரிசெய்கிற சாக்கில் அவள் தோளைத் தொட்டேன். பைக்கு மேலே, கழுத்துக்குக் கீழே. யாருக்கு நடக்கவே கூடாது என்று நினைத்தேனோ அவள் முதுகில், என் கையாலேயே.

பத்தடி பின்னால் நடந்தேன். மீன் எனக்கு முன்னால் அசைந்து அசைந்து போனது. நாடா கட்டிய கிளையைத் தாண்டி, வாசலுக்குள் நுழைந்தது.

தியோ இப்போது பள்ளியிலேயே பெரிய வகுப்பு. உயரமும் கூடிவிட்டது. ஓடி வந்தவன் அவளுக்குப் பின்னால் சட்டென்று நின்றான். மற்றவர்கள் கத்துவதற்குள் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினான். மை படிந்த கட்டைவிரலால் செவுளை மெதுவாகத் தூக்கிப் பார்த்தான்.

"புதுசு!" என்று பிரெஞ்சில் கத்தினான். "இன்றைக்குப் பிடித்தது!"

வாசல் முழுக்க ஏப்ரல் மீன் என்று கத்தியது. யாழினி முதுகைத் தடவினாள், கையில் வந்ததைப் பார்த்தாள், குங்குமம் ஒட்டிய விரலைப் பார்த்தாள். உடனே திரும்பி வாசலில் என்னைத் தேடினாள்.

நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.